வெடியுப்பும் வயலும் – ஒரு பழைய மாணவரின் கேள்விக்கு நீண்ட பதில்



போன வாரம் நான் போட்ட பதிவின் கீழே நம் பழைய மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "சார், போர் கெட்டது கெட்டதுன்னு சொல்றீங்க. ஆனா போர் இல்லேன்னா விஞ்ஞானம் ஏது? பென்சிலின், ராக்கெட், ஜி.பி.எஸ். எல்லாம் போர் கொடுத்ததுதானே? ஒரு நாடு முன்னேறணும்னா ஒரு நல்ல போர் வேணும் சார்." பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். அதற்கு நாற்பது பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறீர்கள். அதில் எட்டுப் பேர் என் வகுப்பில் வரலாறு படித்தவர்கள். எண்ணிப் பார்த்தேன்.

ஒற்றை வரியில் "தப்பு தம்பி" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது முழுத் தப்பும் இல்லை. அதுதான் சிக்கல். பென்சிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டது 1928-இல். அப்போது அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத் தட்டிலிருந்து சிப்பாயின் உடம்புக்கு லட்சக்கணக்கான குப்பிகளாக வந்து சேர்ந்தது இரண்டாம் உலகப்போரில்தான். ஆக, கண்டுபிடித்தது யார், வேகப்படுத்தியது யார், விலை கொடுத்தது யார் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பத்துக் கண்டுபிடிப்பை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை எடுத்து அடிவரை பார்ப்போம். நம்மில் பாதிப்பேர் வீட்டில் மூட்டையாகக் கிடக்கும் பொருளையே எடுத்துக்கொள்கிறேன்: யூரியா.

கொஞ்சம் நீளும். தூக்கம் வந்தால் நாளைக்குப் படியுங்கள்.

பயிர் வளர நைட்ரஜன் வேண்டும். தமிழில் தழைச்சத்து என்கிறோம், அழகான சொல். நாம் மூச்சு விடும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு அதுதான். ஆனால் பயிரால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்து கிடக்கின்றன. மின்னல் கொஞ்சம் உடைக்கும். உளுந்து, பயறு, கொளுஞ்சி போன்றவற்றின் வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர்கள் உடைக்கும். அவ்வளவுதான். நம் பெரியவர்கள் இதன் வேதியியலைப் படிக்கவில்லை. ஆனால் ஆட்டுக்கிடை போட்டார்கள், சணப்பு விதைத்து மடக்கி உழுதார்கள், நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து தெளித்தார்கள். எல்லாம் இந்த ஒரு சத்துக்காகத்தான்.

இதே நைட்ரஜனுக்கு இன்னொரு முகம் உண்டு. இறுகப் பிணைந்த அந்த அணுக்களைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்து வைத்தால், அவை மறுபடி ஒன்றுசேரும்போது பெரும் ஆற்றல் வெளிப்படும். அதைத்தான் வெடி என்கிறோம். வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதிதான் கரியும் கந்தகமும். பயிருக்குச் சோறாவதும் பீரங்கிக்குத் தீனியாவதும் ஒரே உப்புதான். மனித வரலாற்றில் பாதிச் சண்டை இந்தப் பொருத்தத்தில் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றும். மிகைப்படுத்துகிறேன் என்றால் வாத்தியார் பழக்கம் என்று விட்டுவிடுங்கள்.

அந்த வெடியுப்பு எங்கே கிடைத்தது? பெருமளவுக்கு பீகாரில். மாட்டுக்கொட்டில் ஓரம், பழைய மண்சுவர் அடி என்று சிறுநீரும் சாணமும் ஊறிய மண்ணில் கோடைக்காலத்தில் வெள்ளை பூக்கும். நூனியா என்ற சமூகத்தார் அதைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் விட்டு வடித்து, காய்ச்சி உப்பாக்குவார்கள். பாட்னாவிலிருந்து கங்கை வழியாகப் படகில் இறங்கி, டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலக் கம்பெனிகளின் கப்பல்களில் ஏறும். பாடப்புத்தகத்தில் 1757 பிளாசிப் போர் என்று படித்தோம். கிளைவ், மீர் ஜாஃபர் என்று மதிப்பெண் வாங்கினோம். அடுத்த ஆண்டே, 1758-இல், அந்த மீர் ஜாஃபரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி பீகார் வெடியுப்பு வாணிகத்தின் முழு உரிமையை வாங்கிக்கொண்டது புத்தகத்தில் பெரும்பாலும் இருக்காது. அதன்பிறகு ஐரோப்பாவில் ஆங்கிலேயன் சுட்ட குண்டுகளில் நம் மாட்டுக்கொட்டில் மண் இருந்தது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த வழி அடைபட்டது. அங்கே அரசின் வெடிமருந்து நிர்வாகத்தை 1775-இலிருந்து கவனித்தவர்களில் ஒருவர் லவாய்சியே. ஆமாம், வேதியியல் பாடத்தில் வரும் அதே லவாய்சியே. புரட்சி வந்து, ஐரோப்பா முழுக்கப் பகையாகிப்போனபோது, குடிமக்கள் எல்லாரும் தங்கள் வீட்டு நிலவறை, தொழுவத்து மண்ணைச் சுரண்டி வெடியுப்பு எடுத்துத் தர வேண்டும் என்று புரட்சி அரசு அறிவித்தது. 1794-இல் லவாய்சியேயின் தலையை வெட்டியதும் அதே அரசுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதை தென் அமெரிக்காவுக்குப் போகிறது. பெரு நாட்டுக் கடலோரத்தில் சின்ச்சா தீவுகள் என்று சில பாறைத்தீவுகள். மழையே பெய்யாத இடம். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கடற்பறவைகள் இட்ட எச்சம் கரையாமல் நூறடி உயரத்துக்கும் மேலே குவிந்து கிடந்தது. குவானோ என்பார்கள். 1840-களிலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் வரிசையில் நின்று அதை அள்ளின. வெட்டியவர்கள் பெரும்பாலும் ஏமாற்றியும் கட்டாயப்படுத்தியும் கொண்டுவரப்பட்ட சீனக் கூலிகள். அந்தத் தூசியில் அவர்கள் பட்ட பாட்டைப் படித்தால் சாப்பாடு இறங்காது. அந்தத் தீவுகளை 1864-இல் ஸ்பெயின் கைப்பற்றப்போய் ஒரு போரே நடந்தது. பறவை எச்சத்துக்காகப் போர். சிரிக்காதீர்கள். அமெரிக்கா 1856-இலேயே ஒரு சட்டம் போட்டது: எந்த அமெரிக்கனாவது யாருக்கும் சொந்தமில்லாத குவானோத் தீவைக் கண்டால் அதை அமெரிக்காவுக்கு உரியதாக்கலாம் என்று!

குவானோ தீரத்தொடங்கியதும் எல்லார் கண்ணும் அட்டகாமா பாலைவனத்து நைட்ரேட் உப்பின் மேல் விழுந்தது. சிலி சால்ட்பீட்டர் என்று பின்னால் பெயர் வந்தாலும், அந்த நிலத்தில் ஒரு பகுதி அப்போது பொலிவியாவிடம், இன்னொரு பகுதி பெருவிடம். நைட்ரேட் தோண்டிய கம்பெனிக்குப் பொலிவியா கூடுதல் வரி போட்டதுதான் பொறி. 1879 பிப்ரவரியில் சிலிப்படை அந்தோஃபகாஸ்தா துறைமுகத்தில் இறங்கியது. ஐந்தாண்டுப் போரின் முடிவில் நைட்ரேட் நிலமெல்லாம் சிலிக்குப் போயிற்று. பொலிவியாவுக்கு இருந்த கடற்கரையும் போயிற்று. அந்த நாட்டுக்கு இன்றும் கடற்படை உண்டு, கடல்தான் இல்லை. டிட்டிகாக்கா ஏரியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்ட தம்பி இங்கே கவனமாகப் படிக்க வேண்டும்.

1898-இல் பிரிஸ்டல் நகரில் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி தலைமையுரை ஆற்றினார். சிலியின் உப்பு ஒருநாள் தீரும், கோதுமை விளைச்சல் மக்கள்தொகைக்கு ஈடுகொடுக்காது, காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்க வேதியியலார் வழி காண வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் பயந்தது பசிக்கு. பகைவருக்கு அல்ல. அந்தப் பயம்தான் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களை முடுக்கியது.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்தில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற பேராசிரியர். அவருக்கு உதவியாக ராபர்ட் லெ ரோசிஞ்ஞோல் என்ற ஆங்கிலேயர். இந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, ஆனால் உயர் அழுத்தக் கருவியைச் செய்த கை அவருடையது. காற்று மண்டலத்தைப் போல 200 மடங்கு அழுத்தம், 500 டிகிரிக்கு மேல் வெப்பம், உள்ளே ஓஸ்மியம் என்ற அபூர்வ உலோகம் வினையூக்கியாக. நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அதில் செலுத்தினால் அம்மோனியா. 1909 ஜூலை 2-ஆம் தேதி பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியிலிருந்து கார்ல் போஷும் ஆல்வின் மிட்டாஷும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். கருவி ஏதோ கோளாறு செய்து தாமதமாயிற்று. போஷ் கிளம்பிப் போய்விட்டார். பொறுமையாக உட்கார்ந்திருந்த மிட்டாஷின் கண் முன்னே அம்மோனியா சொட்டத் தொடங்கியது. பொறுமையாக இருப்பவனுக்குத்தான் பார்க்கக் கிடைக்கும் என்று வகுப்பில் சொல்வேனே, அதற்கு இதுதான் உதாரணம்.

மேசை மேல் சொட்டுவது வேறு, ஆலையில் டன் கணக்கில் கொட்டுவது வேறு. ஓஸ்மியம் உலகத்திலேயே கொஞ்சம்தான். மலிவான வினையூக்கி தேடி மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தார். கடைசியில் சுவீடனின் காந்த இரும்புத் தாது ஒன்றைப் போன்ற சாதாரணக் கலவை கைகொடுத்தது. போஷுக்கு வேறு தலைவலி. சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலிருக்கும் கார்பனைத் தின்றுவிடும். எஃகு நொறுங்கி உருளை வெடித்துவிடும். சோதனை உருளைகள் சில நாட்களிலேயே வெடித்தன. போஷ் உள்ளே மென்மையான இரும்பில் ஒரு உறை, வெளியே எஃகு, அந்த எஃகில் சின்னச்சின்னத் துளைகள் என்று செய்தார். உறையைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் துளை வழியே போய்விடும், எஃகைத் தின்ன நேரம் கிடைக்காது. எவ்வளவு எளிமை பாருங்கள்! நம் ஊர்ப் பட்டறை ஆசாரிக்குச் சொன்னால் "இதுக்கா இவ்வளவு யோசனை" என்பார், ஆனால் முதலில் தோன்ற வேண்டுமே. 1913 செப்டம்பரில் ஓப்பாவ் என்ற இடத்தில் ஆலை ஓடத்தொடங்கியது. தயாரித்தது அம்மோனியம் சல்ஃபேட் உரம். வயலுக்கு.

தேதியை மறுபடி பாருங்கள் தம்பி. 1913. போருக்கு முன்னால்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் வந்தது. கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும் என்று எல்லா நாட்டிலும் பேசிக்கொண்டார்கள். (எல்லாப் போரும் தொடங்கும்போது அப்படித்தான் பேசுவார்கள்.) ஜெர்மன் பீரங்கிகளுக்கு வேண்டிய நைட்ரேட் சிலியிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடல் ஆங்கிலேயன் கையில். நவம்பர் 1-ஆம் தேதி சிலிக் கடலோரத்தில் கொரோனல் அருகே ஜெர்மன் தளபதி ஃபான் ஸ்பேயின் கப்பற்படை ஆங்கிலக் கப்பல்களை மூழ்கடித்தது. டிசம்பர் 8-இல் ஃபாக்லாந்து தீவுகளருகே ஆங்கிலேயர் பழிவாங்கினார்கள். ஸ்பேயும் அவருடைய இரண்டு மகன்களும் கடலில் போனார்கள். அத்தோடு சிலி உப்பு ஜெர்மனிக்கு வரும் வாய்ப்பும் போயிற்று.

இந்த ஸ்பேயின் படையை உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து பிரிந்து தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்ட கப்பல்தான் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்ததே, அது. "அவன் பெரிய எம்டன்" என்று நம் ஆச்சிமார் திட்டுவது அங்கிருந்துதான் வந்தது. ஒரு போர் நம் மொழிக்குக் கொடுத்த கொடை என்று வேண்டுமானால் இதைக் கணக்கில் எழுதலாம்.

உப்பு இல்லாமல் ஜெர்மனி சீக்கிரமே சண்டையை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஓப்பாவ் இருந்தது. மூலப்பொருள்களைக் கவனிக்க வால்ட்டர் ராத்தெனோவ் தலைமையில் அரசு தனித்துறையே தொடங்கியது. அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக்கி வெடிமருந்துக்குத் தர முடியும் என்று போஷ் ஒப்புக்கொண்டார். 1915 மே மாதத்தில் உரத்துக்காகக் கட்டிய ஆலையிலிருந்து குண்டுக்கான உப்பு வரத் தொடங்கியது. பிரெஞ்சு விமானங்கள் எட்டாத இடமாகப் பார்த்து லெய்னா என்ற ஊரில் இன்னும் பெரிய ஆலை 1917-இல் எழுந்தது. தொழில்நுட்பம் ஏராளமாக வளர்ந்தது, மறுக்கவில்லை. பணம் கொட்டியது அரசு. சில மாதங்களில் முடிந்திருக்கக்கூடிய போர் நான்காண்டுகளுக்கும் மேல் நடக்க இதுவும் ஒரு பெருங்காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். இதைத்தான் இத்தனை நேரம் சொல்ல வந்தேன். அம்மோனியா முழுக்கக் குண்டுக்குப் போனபோது ஜெர்மானிய வயலுக்கு என்ன கிடைத்தது? உரம் குறைந்தது. குதிரைகளைப் படைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆண்பிள்ளைகள் பதுங்குகுழியில். மேலே ஆங்கிலேயர் கடல் முற்றுகை. 1916-இல் மழையும் நோயும் சேர்ந்து உருளைக்கிழங்கும் பொய்த்தது. அந்தக் குளிர்காலத்துக்கு ஜெர்மானியர் இன்றும் டர்னிப் குளிர்காலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாட்டுத் தீவனமான கிழங்கை மனிதர்கள் ரொட்டியிலும் கூழிலும் கலந்து தின்றார்கள். போர் முடிவதற்குள் ஊட்டமில்லாமலும் அதனால் வந்த நோயிலும் பல லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். காற்றிலிருந்து ரொட்டி எடுக்கும் வித்தையை உலகத்திலேயே முதலில் கண்ட நாடு, ரொட்டி இல்லாமல் பட்டினி கிடந்தது. வித்தை இல்லாமல் இல்லை. அது வேறு வேலைக்குப் போயிருந்தது.

ஹேபர் என்ன ஆனார்? அவருக்கு நாற்பதுக்கு மேல் வயது, யாரும் போருக்குக் கூப்பிடவில்லை. அவராகவே போனார். யூதராகப் பிறந்து இளவயதிலேயே கிறிஸ்துவரானவர். தான் முழு ஜெர்மானியன் என்று நிரூபிக்க வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு எப்போதும் இருந்தது என்று எனக்குத் தோன்றும். குளோரின் வாயுவை ஆயுதமாக்கும் வேலையை முன்னின்று நடத்தினார். 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தில் ஈப்பர் நகரருகே, 5,730 உருளைகளைத் திறந்துவிட்டார்கள். மஞ்சள்பச்சைப் புகை காற்றோடு தவழ்ந்து போய் எதிர்ப்பக்கத்துப் பள்ளங்களில் இறங்கியது. அங்கே இருந்தவர்களில் பலர் பிரெஞ்சுப்படையில் இருந்த அல்ஜீரியர்கள். எங்கோ ஒரு நாட்டான் இன்னொரு நாட்டானோடு போட்ட சண்டையில் மூன்றாவது நாட்டான் மூச்சுமுட்டிச் செத்தான்.

நாலு நாள் கழித்து, ஏப்ரல் 26-இல், அதே களத்தில் இந்தியர்கள் இறக்கப்பட்டார்கள். லாகூர் டிவிஷன். மறுபடி குளோரின். முகமூடி எதுவும் கிடையாது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். அன்று ஜமேதார் மீர் தஸ்த் என்பவர் அதிகாரிகள் விழுந்தபிறகு மிஞ்சிய ஆட்களைக் கட்டி நிறுத்தி, காயம்பட்ட பலரைத் தூக்கிக்கொண்டு வந்தார். விக்டோரியா கிராஸ் கிடைத்தது. வாயுவின் பாதிப்பும் கிடைத்தது. இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக்கியிருந்த பிரைட்டன் அரண்மனைத் தோட்டத்தில் மன்னர் கையால் பதக்கம் வாங்கினார்.

ஈப்பரில் கிடைத்த "வெற்றி"க்காக ஹேபருக்குக் கேப்டன் பதவி கொடுத்தார்கள். மே 2-ஆம் தேதி விடியலில் அவருடைய மனைவி கிளாரா, கணவனின் துப்பாக்கியை எடுத்துத் தோட்டத்தில் தன்னையே சுட்டுக்கொண்டார். கிளாரா இம்மர்வார், 1900-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்கே அப்படிப் பட்டம் பெற்ற முதல் பெண். ஏன் செய்தார் என்பதற்கு அவர் கைப்பட எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. வாயுவை எதிர்த்துத்தான் என்கிறார்கள் சிலர், கசந்துபோன மணவாழ்க்கை என்கிறார்கள் சிலர். இரண்டையும் பிரிக்க முடியுமா என்று எனக்கு ஐயம். வெடிச்சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தது 12 வயது மகன். ஹேபர் உடனே கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

போர் முடிந்தபிறகு, 1918-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹேபருக்கு அறிவிக்கப்பட்டது. அம்மோனியாவுக்காக. வாயு வீசியவனுக்கா பரிசு என்று பிரான்சிலும் பிரிட்டனிலும் கொதித்தார்கள். அவர்களும் அதற்குள் வாயு வீசியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். 1925-இல் ஜெனீவாவில் நாடுகள் கூடி, போரில் வாயுவைப் பயன்படுத்துவதில்லை என்று ஒப்பந்தம் செய்தன. இதுவும் போரின் பிள்ளைதான். போர் நடக்கும்போதும் சிலவற்றைச் செய்யக்கூடாது என்று சட்டம் எழுதும் எண்ணத்துக்கு ஈப்பரின் புகை பெரிய உந்துதல். இந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் யாரும் "போர் கொடுத்தது" என்று பெருமை பேசிக் கேட்டதில்லை.

ஹேபரின் கடைசிக்காலம் சோகம். நாட்டின் போர்க்கடனை அடைக்கக் கடல்நீரிலிருந்து தங்கம் எடுக்கிறேன் என்று சில ஆண்டுகள் கப்பலில் அலைந்தார். தங்கம் நினைத்ததைவிட மிக மிகக் குறைவு. 1933-இல் ஹிட்லர் வந்ததும் யூதப் பணியாளர்களை நீக்கச் சொன்னார்கள். மறுத்து விலகினார். நாட்டை விட்டு வெளியேறி, 1934 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இறந்தார். அவருடைய நிறுவனத்தில் பூச்சி கொல்ல உருவான சயனைடு மருந்தின் வழியில் வந்ததுதான் பின்னால் நாஜிகள் கொலைமுகாம்களில் பயன்படுத்திய சைக்லோன் பி. செத்தவர்களில் அவருடைய உறவினர்களும் இருந்தார்கள்.

ஓப்பாவ் ஆலை 1921-இல் வெடித்ததையும் சொல்ல வேண்டும். குவித்து வைத்த உரம் இறுகிப் பாறையாகிவிட்டது. டைனமைட் வைத்து உடைப்பது அங்கே வழக்கம். பலமுறை ஒன்றும் ஆகவில்லை. செப்டம்பர் 21 காலை ஆனது. 500 பேருக்கு மேல் செத்தார்கள். போர் முடிந்து மூன்று வருடமாகியும் அந்த உப்பு தன் இன்னொரு முகத்தை மறக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பஞ்சம் வாசலுக்கு வந்தது. மரவள்ளிக்கிழங்கு உயிர் காத்தது. வங்காளத்தில் 1943-இல் ஏறக்குறைய 30 லட்சம் பேர் செத்தார்கள். அந்த அடியில்தான் நாமே உரம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்தது. திவான் சி.பி. ராமசாமி அய்யரின் முயற்சியில், திருச்சி சேஷசாயி சகோதரர்கள் 1943-இல் ஆலுவாய்ப் பக்கம் உரக் கம்பெனி தொடங்கினார்கள். அம்மோனியாவுக்கு வேண்டிய வாயுவை விறகை எரித்து எடுத்தார்கள்! 1947-இல் உற்பத்தி வந்தது. பீகாரில் (இப்போது ஜார்க்கண்ட்) சிந்திரி ஆலை 1951-இல். பழைய வெடியுப்பு மண்ணிலிருந்து அவ்வளவு தூரமில்லை.

உரம் வந்தால் மட்டும் போதாது. நம் பழைய நெல் ரகங்கள் நெட்டையானவை. தழைச்சத்து அதிகமானால் இன்னும் உயர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். கோதுமைக்கும் இதே தொல்லை. ஜப்பான் தோற்றபிறகு அங்கே அமெரிக்கப் படை ஆட்சியில் வேளாண் ஆலோசகராக இருந்த சால்மன் என்பவர், நோரின் 10 என்ற குட்டைக் கோதுமை விதையை 1946-இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். அதிலிருந்துதான் போர்லாக்கின் மெக்சிகோக் கோதுமை, பஞ்சாபின் பசுமைப்புரட்சி. தஞ்சாவூரில் அறுபதுகளில் பேக்கேஜ் திட்டம் என்று வந்ததே, அதன் பேர்சொன்ன குறுவை நெல் ஏ.டி.டி. 27-க்கும் ஜப்பானிய ரகம் ஒரு பெற்றோர்.

எங்கள் வீட்டில் என் அப்பா முதன்முதலில் உரம் தெளித்தது எனக்கு நினைவிருக்கிறது. தாத்தா வரப்பில் நின்றுகொண்டு, "உப்பைக் கொட்டி மண்ணைக் கொல்றானே" என்று முனகினார். அந்த வருஷம் பத்தாயம் நிறைந்தது. தாத்தா வாயை மூடிக்கொண்டார். இருபது வருஷம் கழித்து, மண் இறுகிப் போய் மண்புழுவே கண்ணில் படாமல் போனபோது, அப்பா தாத்தா சொன்னதை ஒருமுறை சொன்னார். இருவர் சொன்னதும் சரிதான். இன்று உலகத்தில் ஏறக்குறைய பாதிப்பேரின் சோறு ஹேபர், போஷ் முறையில் பிடித்த நைட்ரஜனால் விளைகிறது. என்னை, உங்களை, இதைப் படிக்கும் எல்லாரையும் சேர்த்துத்தான். அதை வேண்டாம் என்று நான் சொல்லத் தயாரில்லை.

தம்பி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த வித்தையைக் கேட்டது பசி. கண்டுபிடித்தது அமைதிக்காலத்து ஆய்வுக்கூடம். வயலுக்கு உரம் தந்த முதல் ஆலையும் அமைதிக்காலத்தில்தான் ஓடியது. போர் என்ன செய்தது? அதை வயலிலிருந்து பிடுங்கி பீரங்கிக்குக் கொடுத்தது, பெரிதாக்கியது, நான்கு வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தது. பெரிதாக்கியதற்குப் பணம் வேண்டியிருந்தது, அரசின் பிடிவாதம் வேண்டியிருந்தது. அந்தப் பணத்தையும் பிடிவாதத்தையும் பசிக்கு எதிராகக் காட்ட எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே? குண்டுக்கு என்றால் ஒரே இரவில் கஜானா திறக்கிறது, உரத்துக்கு என்றால் கமிட்டி போடுகிறார்கள். இது போரின் பெருமையா, நம்முடைய சிறுமையா?

"ஒரு நல்ல போர்" என்று எழுதியிருந்தீர்கள். 2022-இல் ரஷ்யா, உக்ரைன் போர் தொடங்கியதும் உலகச் சந்தையில் எரிவாயுவும் உரமும் விலை ஏறியதை நினைத்துப் பாருங்கள். யூரியா செய்ய எரிவாயு வேண்டும். இங்கே 45 கிலோ மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு நீங்கள் வாங்குவது அரசு மானியத்தால். அதன் உண்மை விலை அதைப்போலப் பல மடங்கு. மானியம் இல்லாத ஆப்பிரிக்க விவசாயி அந்த வருஷம் என்ன செய்திருப்பான்? அவனுக்கு அந்தப் போரில் எந்தப் பக்கமும் கிடையாது.

உங்கள் பையன் இந்த வருஷம் கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான் என்று அன்றைக்குக் கல்யாணத்தில் சொன்னீர்கள். போஷின் துளைபோட்ட உருளை அவன் பாடத்தில் கட்டாயம் வரும். கிளாரா வரமாட்டார். அவனுக்கு இந்தப் பதிவை அனுப்பி வையுங்கள். கேள்வி இருந்தால் எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓப்பாவ் இப்போது லுட்விக்ஸ்ஹாஃபன் நகரத்தின் ஒரு பகுதி. நம் மாணவி ஒருத்தி பக்கத்திலே மான்ஹைமில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அம்மா, நீ இதைப் படித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பெல்ஜியம் பக்கம் போகிறவர்கள் ஈப்பரில் மெனின் வாயிலில் செதுக்கியிருக்கும் பெயர்களில் இந்தியப் பெயர்களைத் தேடிப் பாருங்கள்.

கண்ணாடி மாற்றியிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எம்டனைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அடுத்த வாரம் எழுதுகிறேன்.